கை எலும்பு அகவை அளவீடு

கை எலும்பு அகவை அளவீடு என்பது கையின் எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியும் எலும்புகளின் எண்ணிக்கை, வடிவம், நீளம், தடிப்பு ஆகியவற்றைக் கொண்டு ஒருவரது எலும்புக்கூடு எந்த அளவுக்கு முதிர்ந்துள்ளது என மதிப்பிடும் முறையாகும். குழந்தை மருத்துவத்தில் வளர்ச்சிக் குறைபாடுகளை அறியவும், விளையாட்டில் அகவைப் பிரிவுகளைச் சரிபார்க்கவும், சட்டத்தில் ஒருவர் 18 அகவை நிறைந்தவரா எனத் தீர்மானிக்கவும் இம்முறை பயன்படுகிறது. செய்தித்தாள்களில் இது "எலும்புச் சோதனை" என்றும் "எலும்பாதல் சோதனை" என்றும் குறிப்பிடப்படும்.

இம்முறை அளப்பது எலும்பின் முதிர்ச்சியையே ஆகும். பிறந்த நாள் எலும்பில் எழுதப்படுவதில்லை. முதிர்ச்சியிலிருந்து அகவையை ஊகிக்கும் இரண்டாம் படியில்தான் ஐயங்களும் வழக்குகளும் எழுகின்றன. எனவே இக்கட்டுரையில் அளக்கும் முறையும் அதன் பிழை எல்லையும் சேர்த்தே விளக்கப்படுகின்றன.

காதைத் தொடும் சோதனை

கையைக் கொண்டு அகவையை மதிப்பிடுவது தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. பிறப்புச் சான்றிதழ் பரவலாவதற்கு முன்னர், குழந்தையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அழைத்து வரும்போது தலைமையாசிரியர் ஓர் எளிய சோதனை செய்வது வழக்கம். குழந்தை தன் வலக்கையைத் தலையுச்சிக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடவேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து அகவை நிறைந்ததாகக் கொண்டு பெயரைப் பதிவர். எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு வரச் சொல்வர்.

இதில் ஓரளவு உடலியல் அடிப்படை உண்டு. குழந்தைப் பருவத்தில் உடலோடு ஒப்பிடத் தலை பெரிதாகவும் கைகள் குட்டையாகவும் இருக்கும். ஐந்து, ஆறு அகவைகளில்தான் கை இவ்வாறு வளைந்து மறுபக்கக் காதை எட்டும் நீளத்தைப் பெறுகிறது. இதே சோதனை வேறு சில நாடுகளிலும் உண்டு. மேனாட்டுக் கல்வியியல் நூல்களில் இது பிலிப்பைன் அளவு எனப்படுகிறது. ஆயினும் ஊட்டம் குறைந்த குழந்தைக்குக் கை எட்ட ஓராண்டு தாமதமாகலாம். நெடிய குழந்தைக்கு ஓராண்டு முன்னதாகவே எட்டலாம்.

சேர்க்கை முடிந்ததும் பதிவேட்டில் பிறந்த தேதி ஒன்றை எழுதியாக வேண்டும். பெற்றோருக்குத் தேதி தெரியாதபோது, பள்ளி திறக்கும் சூன் மாதத்தில் ஐந்து நிறைவதுபோல ஒரு நாளைத் தலைமையாசிரியரே எழுதிவிடுவார். இன்று நடுவகவை கடந்தோர் பலரின் சான்றிதழில் பிறந்த நாள் மே, சூன் மாதங்களில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். பிற்காலத்தில் அத்தேதியே பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஏறி, சட்டத்தின் கண்ணில் முதன்மைச் சான்றாக ஆகிவிடுகிறது. எலும்புச் சோதனையைக் குறை கூறுமுன் இதையும் நினைவிற் கொள்ளுதல் நலம்.

கையைத் தேர்ந்ததன் காரணம்

மனிதக் கையில் 27 எலும்புகள் உள்ளன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5 (இவை அனுமணிக்கட்டு எலும்புகள் எனவும் வழங்கப்படும்), விரல்களில் 14. இவற்றோடு முன்கையின் ஆரை எலும்பு, அரந்தி எலும்பு ஆகியவற்றின் கீழ் முனைகளும் ஒரே படத்தில் அடங்கும். உடலின் வேறெந்தப் பகுதியிலும் இத்தனை எலும்புகளை ஒரே படத்தில், இத்துணைக் குறைந்த கதிர்வீச்சில் காண இயலாது. கைப் படம் ஒன்றினால் உடல் பெறும் கதிர்வீச்சு ஒரு மைக்ரோசீவெர்ட்டினும் குறைவாகும். இயற்கைச் சூழலிலிருந்து மட்டும் நாம் ஒவ்வொரு நாளும் பெறுவது சராசரியாக ஆறு மைக்ரோசீவெர்ட்டுக்கு மேல்.

பிறந்த குழந்தையின் கைப் படத்தில் மணிக்கட்டு வெற்றிடமாகவே தோன்றும். எட்டு எலும்புகளும் அப்போது குருத்தெலும்பாக இருப்பதால் அவை எக்ஸ்-கதிரைத் தடுப்பதில்லை. முதல் சில மாதங்களில் தலையுரு எலும்பும் கொக்கி எலும்பும் சிறு புள்ளிகளாகத் தோன்றுகின்றன. ஓர் அகவையையொட்டி ஆரை எலும்பின் கீழ் முனையில் தனியொரு மையம் தோன்றும். பின்னர் முப்பட்டை எலும்பு, பிறைக்குழி எலும்பு, படகெலும்பு முதலியன ஒவ்வொன்றாகத் தோன்றி ஏறத்தாழ ஆறு அகவைக்குள் ஏழு எலும்புகளும் தெரியத் தொடங்கும். எட்டாவதான பட்டாணி எலும்பு மட்டும் எட்டு முதல் பன்னிரண்டு அகவைக்குள் வந்து சேரும். இவை சராசரிகளே, பெண் குழந்தைகளில் எல்லாம் சற்று முன்னதாகவே நிகழும்.

விரலெலும்புகளிலும் உள்ளங்கை எலும்புகளிலும் நிகழ்வது வேறு வகை. இவற்றின் தண்டுப் பகுதி பிறக்கும்போதே எலும்பாக இருக்கும். ஒரு முனையில் மட்டும் தொப்பி போன்ற தனித் துண்டு வளர்கிறது. தண்டுக்கும் தொப்பிக்கும் இடையே படத்தில் கறுப்புக் கோடாகத் தெரிவதே வளர்ச்சித் தட்டு ஆகும். அது குருத்தெலும்பாலானது, எலும்பு நீள்வது அங்கேதான். பூப்புப் பருவத்தில் ஈத்திரோசன் இயக்குநீர் (ஆண்களிலும் இதுவே) இத்தட்டை மெல்லமெல்ல எலும்பாக்கி மூடிவிடுகிறது. விரல் நுனிகளில் தொடங்கும் இம்மூடல், ஆரை எலும்பின் கீழ் முனையில் முடிவடைகிறது. அதன் பின்னர் கை வளர்வதில்லை.

வழக்கமாக இடக்கையே படமெடுக்கப்படுகிறது. பெரும்பாலோர் வலக்கைப் பழக்கமுடையோர் ஆதலால் இடக்கையில் காயமும் தேய்மானமும் குறைவு என்பது ஒரு காரணம். உடலளவுகளை இடப்பக்கத்திலேயே எடுப்பது என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மானிடவியலாளர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு மற்றொரு காரணம்.

வரலாறு

எக்ஸ்-கதிரின் வரலாறே ஒரு கைப் படத்தோடுதான் தொடங்குகிறது. 1895 நவம்பரில் இக்கதிரைக் கண்டறிந்த வில்லெம் ரோண்ட்கன், அவ்வாண்டு திசம்பர் 22 அன்று தம் மனைவி அன்னா பெர்த்தாவின் கையைப் படமெடுத்தார். விரலெலும்புகளும் மோதிரமும் அதில் தெரிந்தன. மூன்றாண்டுகளுக்குள், 1898இல், இங்கிலாந்து அறுவை மருத்துவர் ஜான் போலண்ட் குழந்தைகளின் கை, மணிக்கட்டு எலும்பு வளர்ச்சியைக் காட்டும் படத்தொகுப்பு நூலை வெளியிட்டார்.

1909இல் பாசுடன் நகரக் குழந்தை மருத்துவர் தாமசு மார்கன் ராட்ச், மணிக்கட்டு எலும்புகளைக் கொண்டு குழந்தைகளைத் தரம் பிரிக்கலாம் என்றார். பிறந்த தேதியைப் பொய்யாகக் கூறிச் சிறுவரை ஆலை வேலைக்கு அனுப்புவது அக்காலத்தில் இயல்பு. உடல் முதிராத சிறுவரை வேலையிலிருந்தும் கடும் விளையாட்டிலிருந்தும் காப்பதே ராட்சின் நோக்கமாக இருந்தது. இன்றைய இந்தியாவில் இச்சோதனை எந்தெந்தத் துறைகளில் பயன்படுகிறதோ அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் அன்றே தொட்டிருந்தார் எனலாம்.

இத்துறையின் நிலைத்த நூல் 1950இல் வந்தது. வில்லியம் கிரூலிக், இடேல் பைல் ஆகியோர் தொகுத்த அப்படநூலின் இரண்டாம் பதிப்பு 1959இல் வெளியாயிற்று. இன்றும் உலகெங்கும் மருத்துவமனைகளில் அது புரட்டப்படுகிறது. அதிலுள்ள படங்கள் 1931 முதல் 1942 வரை அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் எடுக்கப்பட்டவை. அக்குழந்தைகள் வசதியான வெள்ளையர் குடும்பத்தினர். திருவண்ணாமலையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு சிறுமியின் கைப் படத்தை மருத்துவர் இன்று ஒப்பிடுவது எண்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட கிளீவ்லாந்துக் குழந்தையோடுதான்.

இந்தியக் குழந்தைகளுக்கான தரவு இல்லாமலில்லை. 1937இல் கால்ஸ்டான் என்பார் இந்தியரிடையே எலும்பாதல் நிகழும் அகவைகளை ஆராய்ந்து இந்திய மருத்துவ ஆராய்ச்சி ஆய்விதழில் வெளியிட்டார். நம் நாட்டுச் சட்ட மருத்துவ நூல்களில் அட்டவணையாக இடம்பெறும் எண்கள் பல அதிலிருந்து வந்தவை. ஆனால் அதுவும் பழையதே. இடைப்பட்ட காலத்தில் ஊட்டமும் பூப்பெய்தும் அகவையும் வெகுவாக மாறிவிட்டன.

படம் எடுத்தலும் அளவுத்திட்டமும்

உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க, விரல்கள் சற்றே விரிந்த நிலையில், கையை உணர்பலகை மேல் தட்டையாக வைத்து, நடுவிரலின் உள்ளங்கை எலும்புத் தலைக்கு நேர் மேலிருந்து கதிரைச் செலுத்துவர். கை சாய்ந்திருந்தால் எலும்பின் நீளம் குறைந்து தெரியும். விரல் மடங்கியிருந்தால் வளர்ச்சித் தட்டு மூடியதுபோலத் தோன்றி ஏமாற்றும்.

எக்ஸ்-கதிர்ப் படம் ஒரு நிழல் ஆகும். விளக்குக்கும் சுவருக்கும் இடையே கையை நீட்டினால் நிழல் கையைவிடப் பெரிதாக விழுவதுபோல, இங்கும் சிறு உருப்பெருக்கம் உண்டு. கதிர்க்குழாய்க்கும் உணர்பலகைக்கும் உள்ள தொலைவை, குழாய்க்கும் எலும்புக்கும் உள்ள தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். குழாய் 100 செ.மீ. உயரத்திலும் எலும்பு பலகையிலிருந்து 1 செ.மீ. மேலேயும் இருந்தால் 100/99, அதாவது ஏறத்தாழ 1 விழுக்காடு பெருக்கம். 60 மி.மீ. நீளமுள்ள உள்ளங்கை எலும்பு 60.6 மி.மீ. எனத் தெரியும். தொடை எலும்பு போன்றவை சதைக்குள் ஆழத்தில் இருப்பதால் இப்பிழை அவற்றில் பெரிதாகும். கையில் அது புறக்கணிக்கத்தக்கது.

எண்முறைப் படங்களில் வேறொரு சிக்கல் உண்டு. மருத்துவப் படக் கோப்பில் ஒவ்வொரு படவணுவும் எத்தனை மில்லிமீட்டர் என்னும் தகவல் சேர்ந்தே இருக்கும். அது 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருப்பது வழக்கம். அப்படத்தைத் திரையிலிருந்து கைப்பேசியால் மறுபடம் எடுத்து அனுப்பினால் இத்தகவல் தொலைந்துவிடுகிறது. கைப்பேசி சாய்ந்திருந்தால் வடிவமும் கோணிவிடுகிறது. இன்று படங்கள் பலவும் இவ்வழியே கைமாறுகின்றன. பார்த்துக் கருத்துச் சொல்ல அது போதலாம். மில்லிமீட்டரில் அளக்கப் போதாது. அத்தகைய படத்தில் எந்த எண்ணைக் கூறினாலும், அது அளவுகோலில்லாத நிலப்படத்தில் தொலைவைக் கூறுவது போன்றதே.

மதிப்பிடும் முறைகள்

கிரூலிக்-பைல் முறையில் அளவுகோல் தேவையில்லை. மருத்துவர் படநூலைப் புரட்டி, கையிலுள்ள படத்தோடு மிக நெருங்கிய பக்கத்தைக் கண்டறிந்து, அப்பக்கத்தின் அகவையைக் குறிப்பார். ஓரிரு நிமிடங்களில் முடியும். பார்ப்பவர் மாறினால் விடையும் சில மாதங்கள் மாறக்கூடும். ஒருவரே மறுநாள் பார்த்தாலும் அவ்வாறே.

இங்கிலாந்தின் சேம்சு டானரும் அவர் குழுவினரும் இக்குறையைக் களைய முயன்றனர். 1962இல் தொடங்கி, 1975இலும் 2001இலும் திருத்தப்பட்ட டானர்-வைட்ஹவுஸ் முறையில், ஒவ்வோர் எலும்பும் தனித்தனியே பார்க்கப்படும். மூன்றாம் பதிப்பில் ஆரை, அரந்தி ஆகியவற்றோடு முதல், மூன்றாம், ஐந்தாம் விரல்வரிசைகளின் 11 சிற்றெலும்புகளும் சேர்ந்து 13 எலும்புகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. தொப்பி தோன்றியதா, தண்டின் அகலத்தை எட்டியதா, தண்டின் ஓரத்தைத் தழுவத் தொடங்கியதா, ஒட்டிவிட்டதா என்று பார்த்து எழுத்துத் தரம் இடுவர். ஒவ்வொரு தரத்துக்கும் ஆண், பெண் எனத் தனித்தனி மதிப்பெண் உண்டு. 13 எலும்புகளின் மதிப்பெண்களைக் கூட்டினால் உச்சம் 1000. இக்கூட்டுத்தொகையை அட்டவணையில் பார்த்து எலும்பு அகவை பெறப்படும்.

1000 என்றால் எல்லாத் தட்டுகளும் மூடிவிட்டன என்று பொருள். இம்மூன்றாம் பதிப்பில் ஆணுக்கு அது 16.5 ஆண்டு, பெண்ணுக்கு 15 ஆண்டு. அதற்கு மேல் அட்டவணையில் வரிகளே இல்லை. 1000 மதிப்பெண் பெற்ற ஆணின் அகவை 17 ஆகவும் இருக்கலாம், 37 ஆகவும் இருக்கலாம்; இக்கூட்டுத்தொகையால் வேறுபடுத்த இயலாது. 18 என்னும் கோட்டைப் பற்றிய கேள்விக்குக் கைப் படம் மட்டும் விடையளிக்க இயலாமைக்கு இதுவே அடிப்படைக் காரணம்.

நீளமும் தடிப்பும்

முதிர்ச்சியைத் தவிர, எலும்பின் அளவுகளும் மருத்துவத்தில் பயன்படுகின்றன. இங்கு விகிதங்களே விரும்பப்படும். ஏனெனில் மேலும் கீழும் ஒரே பெருக்கம் இருப்பதால் உருப்பெருக்கப் பிழை வகுத்தலில் மறைந்துவிடும்.

1960இல் பார்னெட், நார்டின் ஆகியோர் முன்வைத்த முறையில், சுட்டுவிரலுக்குரிய உள்ளங்கை எலும்பின் நடுப்பகுதியில் மொத்த அகலமும் உள்ளிருக்கும் மச்சைக் குழியின் அகலமும் அளக்கப்படும். எலும்பு 8 மி.மீ., குழி 4 மி.மீ. எனில் இரு புறச் சுவர்களும் சேர்ந்து 4 மி.மீ.; மொத்தத்தில் இது 50 விழுக்காடு. இவ்வெண் 43க்குக் கீழ் இறங்கினால் எலும்பு மெலிவு எனக் கொண்டனர். மாதவிடாய் நின்ற பெண்களில் எலும்பின் வெளியகலம் பெரிதும் மாறாதிருக்க, உள்ளே குழி விரிந்துகொண்டே போகும். இன்று எலும்படர்த்தியை அளக்க இரட்டை ஆற்றல் எக்ஸ்-கதிர்க் கருவி உள்ளதால் இம்முறை பின்தங்கிவிட்டது. எனினும் சாதாரண எக்ஸ்-கதிர்க் கருவியும் அளவுகோலும் போதும் என்பது இதன் சிறப்பு.

கை முட்டியை மடக்கும்போது மோதிரவிரல் கணு மட்டும் பள்ளமாகத் தெரிந்தால் அதற்குரிய உள்ளங்கை எலும்பு குட்டையாக இருக்கலாம். டர்னர் நோய்க்கூட்டறிகுறி உள்ள பெண்களிலும் சில கேடய அயற்சுரப்பிக் கோளாறுகளிலும் இது காணப்படும். நலமாக உள்ளோரிலும் சிலருக்கு உண்டு. மார்பான் நோய்க்கூட்டறிகுறியில் இதற்கு மாறாக உள்ளங்கை எலும்புகள் அகலத்தோடு ஒப்பிட மிக நீண்டு மெலிந்திருக்கும்.

பிழை எல்லை

ஒரே நாளில் பிறந்த நலமான நூறு சிறுவரின் கைகளைப் படமெடுத்தால் நூறு கைகளும் ஒரே நிலையில் இரா. 15 முதல் 17 அகவை வரையிலான சிறுவரில் எலும்பு அகவையின் திட்ட விலக்கம் ஏறத்தாழ ஓராண்டு ஆகும். புள்ளியியல் வழக்கப்படி இருமடங்கு விலக்கத்தை இருபுறமும் எடுத்தால், நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் ஈராண்டு மேல்-கீழ் எல்லைக்குள் அடங்குவர். எலும்பு 17 எனக் காட்டினால் உண்மை அகவை 15க்கும் 19க்கும் இடையே எங்கேனும் இருக்கலாம். எஞ்சிய ஐவர் அதற்கும் வெளியே.

இது மருத்துவரின் கவனக்குறைவால் நேரும் பிழை அன்று. எத்துணைச் சிறந்த கருவியைக் கொண்டு அளந்தாலும் இவ்விடைவெளி குறையாது. மனிதர் வளரும் வேகமே வேறுபடுகிறது. இவற்றோடு நோய்களும் சேரும். ஊட்டக்குறைவு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, வளர்ச்சி இயக்குநீர்க் குறைவு ஆகியவற்றில் எலும்பு பின்தங்கும். உடற்பருமனிலும் முன்கூட்டிய பூப்பிலும் எலும்பு முந்திச் செல்லும். குழந்தை மருத்துவர்க்கு இவ்வேறுபாடே பயன்; பிறந்த நாள் தெரிந்த குழந்தையின் எலும்பு மூன்றாண்டு பின்தங்கியிருந்தால் அவர் காரணத்தைத் தேடுவார். பிறந்த நாள் தெரியாத குழந்தையில் அதே வேறுபாடு கண்ணுக்குத் தெரியாத பிழையாகிவிடுகிறது. வறுமையில் வளர்ந்த சிறுவனின் எலும்பு அவனை உண்மையினும் இளையவனாகக் காட்டும் வாய்ப்பு மிகுதி.

கணினிவழி மதிப்பீடு

2009இல் டென்மார்க்கின் ஆன்சு என்றிக் தோட்பர்கு குழுவினர் போன்-எக்ஸ்பர்ட் என்னும் மென்பொருளை விவரித்தனர். அது படத்தில் 15 எலும்புகளின் விளிம்புகளைத் தானே வரைந்து, அவற்றின் வடிவத்திலிருந்து அகவையைக் கணிக்கிறது. படம் மோசமாக இருந்தால் விடை கூற மறுத்துவிடும். ஒரே படத்துக்கு எத்தனை முறை கேட்டாலும் ஒரே விடை என்பது மனிதரிடம் இல்லாத பண்பு.

2017இல் வட அமெரிக்கக் கதிரியல் கழகம் ஒரு போட்டி நடத்தியது. பயிற்சிக்கென 12,611 கைப் படங்கள் தரப்பட்டன. வென்ற நிரலின் சராசரிப் பிழை 4 மாதங்களுக்குச் சற்றே கூடுதல். இவ்வெண்ணைப் படிப்போர், கணினி பிறந்த தேதியை நான்கு மாதத் துல்லியத்தில் கூறுவதாகப் பொருள்கொள்வதுண்டு; அது தவறு. ஒப்பிடப்பட்ட விடைகள் பிறந்த தேதிகள் அல்ல. அவை அதே படங்களைப் பார்த்துக் கதிரியல் மருத்துவர்கள் கூறிய எலும்பு அகவைகள். அதாவது நிரல் மருத்துவரின் கண்ணைப் பின்பற்றக் கற்றுக்கொண்டது; அதில் நான்கு மாதம் தவறுகிறது. மருத்துவரின் விடைக்கும் உண்மை அகவைக்கும் உள்ள ஈராண்டு இடைவெளி அப்படியே எஞ்சுகிறது. படங்களும் அமெரிக்க மருத்துவமனைகளில் எடுக்கப்பட்டவை ஆதலின், வேறு நாட்டுக் குழந்தைகளுக்கு அதைப் பொருத்துமுன் அந்நாட்டுப் படங்களில் சோதித்தல் வேண்டும்.

விளையாட்டில்

அகவையைக் குறைத்துக் கூறி இளையோர் அணிகளில் இடம்பெறுவது இந்திய விளையாட்டின் நெடுநாளைய நோய். முன்னாள் அணித்தலைவர் ராகுல் திராவிட் 2015 திசம்பரில் ஆற்றிய பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் இதைக் கடுமையாகக் கண்டித்தார். இந்தியத் துடுப்பாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் 16 அகவைக்குட்பட்ட சிறுவர் போட்டிகளுக்கும் 15 அகவைக்குட்பட்ட சிறுமியர் போட்டிகளுக்கும் டானர்-வைட்ஹவுஸ் மூன்றாம் முறையைக் கையாள்கிறது. அட்டவணை முடியும் 16.5, 15 ஆகிய எண்களோடு இப்பிரிவுகள் ஒத்திருப்பதைக் காண்க. பத்தொன்பது அகவைக்குட்பட்டோர் பிரிவுக்கு இம்முறை பொருந்தாது.

பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு 2009இல் நைசீரியாவில் நடந்த 17 அகவைக்குட்பட்டோர் உலகக்கோப்பை முதல் மணிக்கட்டைக் காந்த அதிர்வுப் படமெடுத்துச் சோதிக்கிறது. ஆரை எலும்பின் தட்டு முழுவதும் மூடியிருத்தல் 17 அகவைக்கு முன் மிக அரிது என்பதே அதன் அடிப்படை. கதிர்வீச்சு இல்லை என்பதால் மருத்துவத் தேவையற்ற இச்சோதனைக்கு அது ஏற்றதாகக் கொள்ளப்பட்டது. பொய்ச் சான்றிதழ் தந்தவனை இது பிடிக்கும். கூடவே, உண்மையிலேயே 15 அகவையானாலும் விரைவாக முதிர்ந்த ஒருவனையும் வெளியேற்றிவிடும்.

இந்தியச் சட்டத்தில்

சிறார் நீதிச் சட்டம் 2015இன் 94ஆம் பிரிவு, அகவையைத் தீர்மானிக்கும் வரிசையைத் தெளிவாகக் கூறுகிறது. முதலில் பள்ளி தந்த பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையெனில் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். இவை எதுவும் இல்லாதபோது மட்டுமே எலும்பாதல் சோதனை அல்லது வேறு புதிய மருத்துவச் சோதனை. ஆணையிட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் சோதனை முடிக்கப்படவேண்டும். 2012 திசம்பரில் தில்லியில் நடந்த கூட்டு வன்புணர்வுக் கொலை வழக்கில், இளையவரின் அகவை பள்ளி ஆவணத்தைக் கொண்டே முடிவு செய்யப்பட்டது. எலும்புச் சோதனை வேண்டுமென்ற காவல்துறையின் கோரிக்கையைச் சிறார் நீதி வாரியம் 2013 சனவரியில் ஏற்கவில்லை.

திருவண்ணாமலை போன்ற ஊரில் இது எவ்வாறு எழும் என எண்ணிப் பார்க்கலாம். கார்த்திகைத் தீபத்தின்போது மலைசுற்றும் பெருங்கூட்டத்தில் உறவினரைப் பிரிந்த ஒரு சிறுவன், பெயரன்றி வேறொன்றும் கூறவியலாதவனாகக் குழந்தைகள் நலக் குழுவின்முன் வருகிறான் எனக் கொள்வோம். பார்த்த அளவிலேயே குழந்தை எனத் தெரிந்தால் குழு அதைப் பதிந்துகொண்டு மேற்செல்லலாம். சட்டம் அதற்கு இடமளிக்கிறது. மீசை அரும்பிய பதினேழா பத்தொன்பதா என ஐயுறும் தோற்றமுடையவன் எனில்தான் அரசு மருத்துவமனைக்குக் கடிதம் செல்லும். அங்கே கதிரியல் மருத்துவர், பல் மருத்துவர், சட்ட மருத்துவர் ஆகியோர் உடலையும் பற்களையும் பார்ப்பர். மணிக்கட்டோடு முழங்கை, தோள், இடுப்பு ஆகியவற்றின் படங்களும் எடுக்கப்படும். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி 2013இல் தொடங்கப்பட்டது.

உச்ச நீதிமன்றம் 1982இல் ஜெயமாலா எதிர் ஜம்மு காஷ்மீர் உள்துறைச் செயலாளர் வழக்கில், கதிரியல் சோதனையால் பெறப்படும் அகவைக்கு இருபுறமும் ஈராண்டுப் பிழை உண்டு எனக் குறிப்பிட்டது. மேலே கண்ட புள்ளியியல் எல்லையோடு இது ஒத்துப்போகிறது. 2007இன் சிறார் நீதி விதிகள், ஓராண்டு எல்லைக்குள் குறைந்த அகவையை எடுத்துக்கொண்டு சிறாருக்குப் பயனளிக்க இடமளித்தன.

இந்த ஈராண்டு யாருக்குப் பயன்படுகிறது என்பதுதான் சிக்கலானது. குற்றஞ்சாட்டப்பட்ட சிறுவனின் வழக்கில் ஐயத்தின் பயன் அவனுக்கே. எலும்பு 18 எனக் காட்டினாலும் அவன் 16 ஆக இருந்திருக்கக்கூடும் என வாதிடலாம். பாதிக்கப்பட்ட சிறுமியின் வழக்கில் அதே எலும்புச் சோதனை எதிர்த்திசையில் திரும்புகிறது. குற்றவியல் நெறிப்படி அங்கும் ஐயத்தின் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே. எலும்பு 17 எனக் காட்டினால், அவள் 19 ஆக இருந்திருக்கக்கூடும் என்பதே அங்கு வாதம். இமாச்சலப் பிரதேசத்தில் எழுந்த ஒரு வழக்கில், எலும்பு 17 முதல் 18 எனக் காட்டியிருந்தும், பிழை எல்லையைக் கருத்திற்கொண்டு 2018 ஆகத்தில் உச்ச நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுவித்தது. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான வழக்குகளில் மேல் எல்லையோடு ஈராண்டையும் கூட்டிப் பார்க்கவேண்டும் எனத் தில்லி உயர் நீதிமன்றம் 2024 சூலையில் கூறியது. பிறப்புப் பதிவு இல்லாத சிறுமிக்கு இது பேரிழப்பு. மணிக்கட்டு முழுவதும் மூடாத நிலையிலும் அவள் சட்டத்தின் முன் வளர்ந்தவளாகிவிடக்கூடும்.

கை முதிர்ந்த பின்னர் 18ஐயொட்டி அகவையை அறிய, செருமனியின் தடயவியல் அகவை மதிப்பீட்டுக் குழு கழுத்துப் பட்டையெலும்பின் உள்முனையைக் கணினி அடுக்குப் படமெடுத்துப் பார்க்கப் பரிந்துரைக்கிறது. உடலில் மிகப் பிந்தி, இருபதுகளில் ஒட்டும் எலும்புமுனை அதுவே. கடைவாய் அறிவுப்பல்லின் வேர் வளர்ச்சியும் உடன் பார்க்கப்படும். இவையும் ஒரு தேதியைத் தருவதில்லை. குறைந்த எல்லை, கூடிய எல்லை என இரண்டு எண்களையே தரும். 2023இல் திருத்தப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்குரிய ஆவணமாகக் கொள்ளப்படுகிறது. அவர்களுள் மூத்தோர் 18 அகவையை எட்டுவது 2041இல் ஆகும்.